ஊருக்கே கரண்ட் இல்லாத நாள்

காலை எட்டு நாற்பதுக்குத்தான் அது தொடங்கியது. போன மாதம், ஒரு சனிக்கிழமை. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மைக்ரோவேவ் ஓவனுக்குள் விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, உறுமல் மட்டும் வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் பால் வைத்தபடியே சில்லென்று இருந்தது.

அன்று ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. இப்படிப்பட்ட நாட்களுக்கு முன்கூட்டியே பயப்படுகிறவள் நான். தொட்டியில் தண்ணீர் ஏற்றி, மாவு அரைத்து, கைப்பேசிகளுக்கு சார்ஜ் போட்டு முடித்திருந்தேன். கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்த மகளுக்குப் பால் சுட வைப்பதுதான் பாக்கி. அடுப்பில் வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

வேறு கோப்பை வைத்துப் பார்த்தோம். கதவை இறுக்கிச் சாத்திப் பார்த்தோம். வழக்கமாக வரும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். குளத்தூர்ப் பக்கம் வேலையில் இருப்பதாகவும், சாயங்காலம் வருவதாகவும், அதுவரை பெட்டியைக் கழற்ற வேண்டாம் என்றும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"எல்லா மெக்கானிக்கும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க," என்றாள் மகள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவள் கைப்பேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, உள்ளே ஃபியூஸ் போயிருக்கும், அதை மட்டும் பார்த்துவிடலாம் என்றாள். சரியாக ஒன்பதுக்குக் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றது. வேறு நாளாக இருந்தால் அவளை ஓவன் பக்கமே விட்டிருக்க மாட்டேன். அன்று நானே சொன்னேன்:

"ஊருக்கே கரண்ட் இல்லை. இப்பக் கழட்டுனா என்ன பண்ணிறப் போகுது?"

அப்படியும் பிளக்கைப் பிடுங்கினேன். மெயினை அணைத்தேன். இன்வெர்ட்டரையும் மறக்காமல் அணைத்தேன். மகளை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ராக்கெட்டா விடப் போகிறோம் என்று சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

மேல்மூடி சுலபமாக வந்துவிட்டது. நான் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் சின்ன டப்பா மாதிரி ஒன்று, அதன் தலையில் இரண்டு வயர்கள். ஃபியூஸ் அதற்குப் பின்னால் இருக்கும் என்று வயரை விலக்க விரலை நீட்டினாள். தகரம் கையைக் கீறிவிட்டால் ஊசி போட அலைய வேண்டுமே என்பதுதான் அப்போது என் பயம். கையை வைக்காதே என்று அதட்டி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தேன்.

அதன் நுனி பட்டதும் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். நீல வெளிச்சம். மகள் பின்னால் சரிந்து ஃபிரிட்ஜில் இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடி அவள் கையிலேயே இருந்தது. இரும்பு நுனியில் ஒரு துணுக்கு உருகிப் போயிருந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சமையலறையை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு மாலைவரை ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கரண்ட் வந்து அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஓவன் பக்கம் போகவே இல்லை. "கையைக் காட்டு ஆத்தா," என்று மகளின் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஊருலதான்க்கா கரண்ட் இல்லை. பெட்டிக்குள்ள இருந்துச்சு. இன்வெர்ட்டரை ஞாபகமா அணைச்சிருக்கீங்க. நீங்க பார்த்த அந்த டப்பாவும் அது மாதிரி கரண்டைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும். சில பெட்டியில தானா வடிஞ்சிரும், இதுல வடியலை. கழட்டாதீங்கன்னு நான் சொன்னது அதுக்குத்தான்."

அம்மாவின் பயம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நான் பயந்தது தகரத்துக்கு, அவளைக் கொன்றிருக்கக்கூடியதன் மேல்தான் அத்தனை நேரமும் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.