தரங்கம்பாடிக் கோட்டையும் ஒரு மைக்கும்

நான் சொல்ல வந்தவை மூன்று:

1. எங்கள் ஊர் எடப்பாடியிலிருந்து வேன் சுற்றுலா நடத்தும் செல்வராசு என்னை அவமானப்படுத்தியது.
2. இன்று நான் அவரைப் பழிவாங்கியது.
3. அது நியாயம்தான் என்பது.

போன வருடம், தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டியது டேனிஷ்காரர்கள் என்று அவரைத் திருத்தினேன்.

“வெள்ளக்காரன்னா எல்லாம் ஒண்ணுதானுங்க வாத்தியாரே, ஒக்காருங்க!” என்றார் மைக்கில். எடப்பாடி வரும்வரை வேனே சிரித்தது.

இன்றும் கோட்டை வாசலில், “இங்கிலீஷ்காரன் கட்டுனதுங்க” என்று முழங்கினார். அவருக்குப் பின்னாலிருந்த பலகையை நோக்கிக் கைகாட்டினேன்.

எல்லோரும் சத்தமாக வாசித்தார்கள்: “டேனிஷ் கோட்டை!”

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு இனித்தது.

திரும்பும்போது மைக்கை என் கையில் திணித்தார். “மிச்சத்தையும் நீங்களே சொல்லுங்க சாமி!”

எழுந்தேன். ‘வணக்கம்’ வரை வந்தது. அதற்குமேல் வராமல் மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எடப்பாடி வரும்வரை மறுபடியும் சிரிப்பு.

ஆகவே, மேலே இரண்டாவது குறிப்பு தவறு. பழிவாங்கியவர் அவர். அடுத்த வருடத்துக்கு யாரிடமாவது யோசனை உண்டா?