ஊதுபத்தி குத்திவைத்த தேன்கூடு

கருத்தையா அண்ணன் ராணுவத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டியவர். இப்போது ராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். மச்சினன் பாண்டிதுரையிடம் வாங்கிய பழைய வண்டி. அதில் என்னைத் தவிர வேறு மெக்கானிக்கைக் கைவைக்க விடமாட்டார். "வேலுசாமி சாமி கும்பிடாம ஸ்பேனரத் தொடமாட்டான்" என்று கார் ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்வார். அந்தப் பேச்சுக்கு நான் தகுதியானவன் இல்லை.

ஐந்தாவது வரைதான் படித்தேன். தொழில் பழகியது ஸ்கூட்டரில். அந்தக் காலத்து ஸ்கூட்டர் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும். சைலன்சரில் கரி அடைக்கும். கழற்றி நெருப்பில் சுட்டு, கம்பியால் குத்தித் தட்டினால் கரி கொட்டும், வண்டி பறக்கும். பிறகு ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது, கார்புரேட்டர் போனது, சென்சார் வந்தது. நான் அதே கம்பியோடு இருந்தேன்.

போன வருடம் அண்ணன், "மேட்டுல ஏற மாட்டேங்குது, என்னன்னு பாருடா" என்றார். சைலன்சருக்கு முன்னால் ஒரு டப்பா. அதற்குள் தேன்கூடு போலப் பொடிக் கண் வைத்த பீங்கான், கரி அப்பிக் கிடந்தது. புகை போகிற வழியில் இது எதற்கு என்று குத்தி எடுத்துவிட்டு, வெறும் டப்பாவை மாட்டினேன். வண்டி நன்றாக இழுத்தது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததை நான் சட்டை செய்யவில்லை. பீங்கானில் கையளவு துண்டு உடையாமல் வந்தது. அழகாக இருக்கவே, கழுவி, பட்டறையில் ஆண்டாள் படத்துக்கு முன் வைத்தேன். குச்சியைக் கொஞ்சம் சீவினால் ஊதுபத்தி அதில் நின்றது. வண்டி விட வரும்போதெல்லாம் அண்ணனும் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

இந்த ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் புகைப் பரிசோதனைக்கு நானும் அண்ணனோடு போனேன். மெஷின் வைத்திருந்த சத்யப்பிரியா உதட்டைப் பிதுக்கினாள்.

"விஷப்புகை அம்புட்டும் அப்படியே வருது. நடுவுல இத யாரோ பிடுங்கிட்டாக."

போனில் படம் காட்டினாள். என் ஊதுபத்தி ஸ்டாண்டுதான் அது. புகையில் உள்ள விஷத்தை முறிப்பதே அதன் வேலையாம்.

"பாண்டிப்பய ஏமாத்திட்டான்லே!" என்றார் அண்ணன். "அவன் மடியில எம்மவள உக்கார வச்சுக் காது குத்தணுமாக்கும்? ஞாயித்துக்கெழம அவன் அய்யனார் கோவில் பக்கமே வரப்படாது."

நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் பட்டறைக்கு வந்த அவர் மனைவி ஆனந்தவல்லி, "தாய்மாமன் இல்லாம எப்படிண்ணே காது குத்த? நீங்க சொன்னா கேப்பாவ" என்று அழுதாள். அப்போதும் சரி என்றுதான் சொன்னேன். அன்று பத்தி கொளுத்தக் கை வரவில்லை.

சனிக்கிழமை அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"பாண்டிதுரை இல்லண்ணே. நான்தான் எடுத்தேன்."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். பீங்கானின் பொடிக் கண்களில் எல்லாம் பத்திச் சாம்பல்.

"நான் கும்புட்டு நிக்கையில இதுவாலே எனக்கு முன்னால இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

அவர் போனை எடுத்து மச்சினனை அழைத்தார். "ஏலே பாண்டி, நாளைக்கு வெரசா வந்துரு" என்றார்.

கோவிலில் பாண்டிதுரை மடியில் பிள்ளை வீறிட்டது. அதற்குள் விஷயம் தெரிந்திருந்த அவன் என்னைப் பார்த்து, "மெக்கானிக்கு, கம்பியப் பட்டறையிலயே வச்சிட்டு வந்தீயளா? இங்க காது மட்டுந்தான் குத்தணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

பீங்கானோடு புது டப்பா வாங்கி மாட்டிக் கொடுத்தேன். வண்டி இன்னும் என்னிடம்தான் வருகிறது. ஆனால் வேலை முடியும்வரை அண்ணன் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார். முன்பெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.