மூன்றாம் சரணத்தில் இறங்கியவர்கள்

திருச்சபையில் அவரைத் தராசு ஐயா என்பார்கள். முகத்துக்கு நேரே அல்ல. அந்தத் தைரியம் யாருக்கு இருக்கிறது! முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கக் கற்கள் இல்லை, பாடகர் குழு இருந்தது. அதற்குத் தலைவராகிவிட்டார்.

கிருபையைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. குடித்தே வேலையைத் தொலைக்க இருந்தவரை இந்தச் சபைதான் கைதூக்கி விட்டது. ஆண்டுதோறும் எழுந்து நின்று சாட்சி சொல்வார். "தகுதியில்லாத எனக்கு" என்னும்போது கண் கலங்கும். அதே கண்ணால், தாமதமாக உள்ளே நுழைகிறவர்களை முறைக்கவும் செய்வார்.

இப்போது அந்தக் கண்ணை உறுத்தியது பக்கத்து நாற்காலிக்கு முன் நிற்கும் தையல்காரம்மா. மூன்றாம் சரணம் வந்தாலே அவர் குரல் சுருதியை விட்டு இறங்கிவிடும். ஐயா இரண்டு தடவை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். "சரிங்க ஐயா" என்பார். அடுத்த வாரமும் இறங்குவார். கணவர் போன பிறகு, கடையை விட்டால் அந்த அம்மா நாலு பேரைப் பார்க்கிற இடம் இந்தப் பயிற்சி அறை ஒன்றுதான். அது ஐயாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, சுருதி சுருதிதானே! குழுவிலிருந்து நிறுத்திவிடுவது என்று முடிவு கட்டினார். ஆனால் ஆதாரமில்லாமல் ஒருவரைத் தண்டிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சனிக்கிழமைப் பயிற்சியை யாருக்கும் சொல்லாமல் போனில் பதிவு செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் போனைச் சமையலறை மேசையில் வைத்து ஓடவிட்டார். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் சரணம் வந்தது. இறங்குகிறதா பார் என்று ஐயா வெற்றியோடு நிமிர்ந்தார்.

"ரெண்டு குரல் இறங்குது," என்றார் மனைவி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல இறங்குறது ஆம்பளைக் குரல்."

ஐயா மறுபடி கேட்டார். அதற்கும் மறுபடி. ஐந்தாம் தடவையில், அது யார் குரல் என்று சந்தேகப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. எத்தனை நாளாக இந்தக் கூத்து என்று கேட்டார். காது மந்தமானதிலிருந்து, இரண்டு வருஷம் இருக்கும் என்றார் மனைவி. குழுவில் எல்லாருக்கும் தெரியுமாம். கீபோர்டு வாசிப்பவர் அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் கூட்டிவிடுவாராம். சொன்னால் மனிதர் குழுவை விட்டுவிட்டுப் பழையபடி குடிக்கப் போய்விடுவாரோ என்று பயமாம்.

ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனார். அந்த அம்மா உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு பேன்ட்டின் அடியை மடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கினால் இறங்கிவிட்டுப் போகிறேன், நீங்கள் ஏன் கூடவே இறங்கினீர்கள் என்று ஐயா கேட்டார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி வைத்த பிறகுதான் பதில் வந்தது.

"நீங்க ஒருத்தரே இறங்கினா ஆளு தெரிஞ்சிடும் ஐயா. கூட ஒரு ஆளு இறங்கினா, பாட்டே அப்படித்தான்னு விட்டுடுவாங்க."

"உங்களைத் திட்டினேனேம்மா."

"ஆமா, ரெண்டு தடவை," என்றார் அந்த அம்மா. பிறகு, உட்காருங்கள் என்று ஸ்டூலை நகர்த்தினார்.

ஐயாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது. சாட்சி சொல்லும்போது வருகிற அழுகை அல்ல இது; இதை யாரும் பார்க்கக் கூடாது என்றிருந்தது.

குழுத் தலைமையைக் கீபோர்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். அடுத்த மாதம் முடிவெட்டுகிறவர் ஒருவர் குழுவில் சேர வந்தார். குரல் என்றால் அப்படியொரு குரல், முதல் சரணத்திலேயே தடம் புரண்டது. பழக்கதோஷத்தில் எல்லாரும் பயந்துபோய் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் நாற்காலியை அந்த மனிதர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே இறங்கினார். அதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.