நாற்பத்தேழாம் வரிசை

தபீதாளுக்கு என்ன வேலை என்று கேட்டால், செடிக்கு நோய் வரவைப்பது என்றுதான் சொல்ல வேண்டும். திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலை ஆராய்ச்சிப் பண்ணையில் பதினெட்டு வருடமாகத் தினக்கூலி. துரு நோய் பிடித்த இலைகளைப் பறித்து, அதிலுள்ள செம்பொடியைத் தண்ணீரில் கரைத்து, நல்ல செடிகள் மேல் தெளிப்பாள். வரிசைக்கு ஒரு புது ரகம்; எந்த வரிசை தாக்குப்பிடிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் அங்கே நோட்டில் குறித்துக்கொள்கிறவன்; மாதச் சம்பளம், நிழலில் உத்தியோகம்.

சாயங்காலம் குழாயடியில் புடவையின் கீழ்ப்பாதியை அலசிவிட்டு, ஈரத்தோடுதான் ஏர்பேடு பஸ் ஏறுவாள். அங்கே அவளுக்கும் கணவர் இன்பசேகரனுக்கும் ஒரு ஏக்கர் வேர்க்கடலை. புடவையில் ஒட்டிய பொடி அதற்கும் போய்விடுமோ என்று பயம். அலசியும் மூன்று வருடமாக அங்கே துரு. காற்றில் வருவதம்மா, உன்னால் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நாந்தான் சார் எட்த்துக்கினு போய்ட்டேன். இன்னொரு வாட்டி இப்டி ஆனா நெலத்த வித்துட்றேன்றாரு எங்க ஊட்டுக்காரரு."

அந்த வருடம் நாற்பத்தேழாம் வரிசை நின்றது. சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் பச்சைப் பசேலென்று. ஆறு வருடத்துக்கு முன்னால் சாமணத்தால் மொட்டைப் பிரித்து, மறுநாள் காலையில் இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவி அதை உண்டாக்கியவள் தபீதாள்தான். நோட்டில் அவள் பெயர் கிடையாது. எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?

விஞ்ஞானி சுரேஷ்பாபுவிடம் போய் நின்றாள். "இத்துல ஒரு படி வெத குடுங்க சார். நாங்க பெருக்கிக்கிறோம்."

"குதரதம்மா, முடியாது. ரிலீஸ் ஆகாத விதை வெளிய போகக் கூடாது. இன்னும் ரெண்டு வருஷம் மகசூல் பாக்கணும்."

நல்ல மனிதர்தான். விதி அவர் போட்டதல்ல. மடியில் கட்டிக்கொண்டு போனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானே ஜாடையாகச் சொன்னேன்.

"திருட்டு வெதைய கைல வச்சிக்கினு எப்டி சார் ஜெபம் பண்ணி வெதைக்கிறது?" என்றாள்.

இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லி இன்பசேகரனிடம் கெஞ்சினாள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஆனால் நோய் தாங்கினால் மட்டும் போதாது. ஏற்கெனவே இருக்கும் ரகத்தைவிட அதிகமாகக் காய்க்க வேண்டும். நாற்பத்தேழு எட்டு சதவீதம் குறைவு. 'நீக்கம்' என்று நானே எழுதினேன்.

"வேணான்னு தள்னதுதானே சார்? இப்பவாச்சும் குடுக்கலாமே?"

நியாயமான கேள்வி. குளிர் அறையில் வைக்கக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை முளைக்காமல் செய்துவிட வேண்டும் என்பது சட்டம். சுரேஷ்பாபு அவள் முகத்தைப் பார்க்காமல், "வேகவச்சு எல்லாரும் சாப்டுங்கம்மா" என்றார்.

அவள்தான் ஊறவைத்தாள். அவள்தான் உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். வெந்ததும் எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அவள் ஒரு காயை உரித்து வாயில் போட்டு மென்றாள்.

"நல்லாத்தான் கீது சார். எங்க ஊட்டுக்காரருக்கு என்னா சொல்றது?"

கையில் இருந்ததைத் தின்றேன்.