ஒரு சாண் வளர்ந்த துணி

டிம்ப்னாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால் ஊர்க்காரர்கள் தேநீரில்தான் ஆரம்பிப்பார்கள். மாட்டுச் சந்தை கேன்டீனில் இருபத்தெட்டு வருஷம் அவள் ஊற்றிய தேநீரை ஒன்றாகச் சேர்த்தால் ஷானன் ஆறு கரையை உடைத்துக்கொண்டு போகும் என்பான் அவள் புருஷன் மாலக்கி. எந்த வியாபாரி அன்று நஷ்டத்துக்கு மாடு விற்றான் என்பதை அவன் போட்டுக்கொள்ளும் சர்க்கரையை வைத்தே சொல்லிவிடுவாள். மூன்று கரண்டி என்றால் வீட்டில் மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறான் என்று அர்த்தம்.

ஊர் சொல்லும் இரண்டாவது விஷயம், அவள் கோயிலுக்குப் போகாதவள். முப்பத்துமூன்று வயதில் நிறுத்தினாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. பிப்ரவரி ஒன்றாம் தேதி வருகிற பிரிகிட்டை ஊரெல்லாம் புனிதை என்று கும்பிடும். டிம்ப்னாவின் பிரிகிட் அந்தப் புனிதைக்கும் மூத்தவள். அடுப்புக்கும், கறவைப் பசுவுக்கும், மண்ணுக்குள் கண் விழிக்கிற விதைக்கும் உரிய பழைய தெய்வம். பாதிரியார் ஒருமுறை கேன்டீனுக்கே வந்து, "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் டிம்ப்னா" என்று சமாதானம் பேசிப் பார்த்தார்.

"அப்படியா ஃபாதர்? அப்ப நான் வீட்டுலயே பாத்துக்கிறேன். ஒரே ஆளை எதுக்கு ரெண்டு இடத்துல போய்ப் பாக்கணும்?" என்றாள் டிம்ப்னா. அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர், பிறகு வற்புறுத்தவில்லை.

இம்போல்க் என்கிற அந்தப் பண்டிகையை அவள் வீட்டிலும் தோட்டத்திலுமாகத் தனக்குத் தெரிந்தபடி கொண்டாடினாள். கூட்டம், ஆட்டம், அங்கி எதுவும் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் மாலக்கி ஒரு கட்டுக் கோரையோடு வெளியே நின்று கதவைத் தட்டி, "பிரிகிட்டை உள்ளே விடு!" என்று மூன்று தடவை கத்துவான். உள்ளே இருந்து இவள், "வரட்டும், வரட்டும், நூறு தடவை வரட்டும்" என்பாள். மாலக்கிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை ஒரு துளி கிடையாது. "சீக்கிரம் திற, பிரிகிட்டுக்குக் குளிராது, எனக்கு விறைக்குது" என்று நாலாவது தடவையும் ஒன்று கத்துவான்.

அப்புறம் துணி. ஒரு வெள்ளை லினன் துண்டைத் தோட்டத்து மரத்தில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட வேண்டும். பிரிகிட் அந்த வழியாகப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவாள். தொட்டாளா இல்லையா என்று எப்படித் தெரியும்? துணியின் நீளத்துக்குச் சரியாக ஒரு கயிறு வெட்டிக்கொண்டு, காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். துணி கயிற்றைவிட நீண்டிருந்தால் வீட்டுக்கு அந்த வருஷம் நல்ல வருஷம். டிம்ப்னா வைக்கோல் பொதி கட்டும் நீல நைலான் கயிற்றை வெட்டுவாள். பிரியாமல் இருக்க இரண்டு முனையையும் தீக்குச்சியால் சுட்டு உருக்குவாள். கயிற்றையும் துணியோடு அதே மரத்தில்தான் கட்டுவாள். ஒரே பனியில் நனையட்டும், நியாயம் என்றால் நியாயம். முப்பது வருஷமாகத் துணி ஒரு விரல், இரண்டு விரல் என்று வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

நவம்பரில் மாலக்கி செத்தான். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில், இவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்துப் போய்விட்டான். சாவு வீட்டுக்கு இருநூறு பேர் வந்தார்கள். டிம்ப்னா அழவில்லை. ஹாம் வைத்து ரொட்டி வெட்டிக்கொண்டே இருந்தாள். பழக்கதோஷம், யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்றுகூடத் தப்பாமல் போட்டாள். "இரும்பு மனுஷி" என்றார்கள். இரும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது, அவ்வளவுதான். டிசம்பர் போயிற்று, ஜனவரியும் போகப் பார்த்தது, அந்த மரப்பு விலகவே இல்லை.

கால்வே நகரத்தில் இருக்கும் தங்கை எத்னா தினமும் போன் செய்தாள். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருந்தாள். இந்த வீட்டை விற்பதற்கு ஆளையும் பேசியாயிற்று. பிப்ரவரி முதல் தேதிக்குள் பதில் வேண்டும் என்றாள்.

"எனக்கு எது வேணும்னே தெரியல எத்னா. போகணும்னும் இல்ல, இருக்கணும்னும் இல்ல. துணியைத் தொங்கவிடுறேன். வளர்ந்தா இருக்கேன், வளரலைன்னா வந்துடுறேன்."

"மேரி மாதாவே! துணியைக் கேட்டுட்டா வீட்டை விப்பாங்க? வக்கீல்கிட்ட என்னன்னு சொல்றது?"

"துணி சொல்லுச்சுன்னு சொல்லு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவளால் முடிவெடுக்க முடியவில்லை. முப்பது வருஷம் பொய் சொல்லாத ஒன்று எடுக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

ஜனவரி முப்பத்தொன்று. மதியம் தோட்டத்தில் ஒரு பாத்தி கிளறி அவரை விதைகளை ஊன்றினாள். மரத்தடியில் பனித்துளிப் பூக்கள் வெள்ளையாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தன. மற்ற வருஷங்களில் முதல் பூவைப் பார்த்ததும் சமையலறை ஜன்னலைத் தட்டி மாலக்கியைக் கூப்பிடுவாள். இந்தத் தடவை பார்த்தாள், நிமிர்ந்தாள், கைமண்ணைத் தட்டிக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் கோரைக் கட்டைக் கதவுக்கு வெளியே சாத்தி வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கூப்பிட ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானே திறந்து, தானே எடுத்துக்கொண்டு வந்தாள். பிரிகிட்டுக்கு என்று நாலு கை வைத்த கோரைச் சிலுவை ஒன்று முடைந்தாள். ஒரு கை கோணலாக வந்தது, பிரிக்கவில்லை. கோஸ் போட்டு மசித்த உருளைக்கிழங்கின் நடுவில் குழித்து வெண்ணெய் வைத்தாள். வெண்ணெய் உருகி ஆறி மஞ்சளாக உறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியையும் கயிற்றையும் வெண்முள் மரத்தில் கட்டிவிட்டுப் படுத்துவிட்டாள்.

அந்த மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தனியாக நிற்கிற வெண்முள் மரம், மனிதர் கண்ணில் படாமல் மறைவாக வாழ்கிற தேவதைகளுடையது. அதன் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் பக்கம் புது ரோடு போட வந்த இயந்திரக்காரனே வளைத்துக்கொண்டுதான் போனான். நம்பாதவர்கள்கூட இந்த விஷயத்தில் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள்.

காலையில் துணியையும் கயிற்றையும் கொண்டுவந்து மேஜையில் நீட்டினாள். துணி ஒரு சாண் வளர்ந்திருந்தது.

விரல் இல்லை. முழுசாக ஒரு சாண். கைவிரலை விரித்து வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் மிச்சமும் இருந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பயமாவது வரும் என்று பார்த்தாள், அதுவும் இல்லை. கயிற்றைத்தான் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனை அவள் சுட்டபடி கெட்டியாக உருண்டிருந்தது. இன்னொரு முனை நார் நாராகப் பிரிந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தாள். நேற்று விதை ஊன்றிய பாத்தியின் குறுக்கே பெரிய பூட்ஸ் தடங்கள், ஒன்று மரத்தைப் பார்த்து, ஒன்று வேலியைப் பார்த்து.

அந்த அளவு பூட்ஸ் அந்தப் பக்கம் ஒரே ஆளுக்குத்தான். அடுத்த பண்ணைக்காரன் ஃபின்டன். கல்யாணமாகாதவன், ஆடு மேய்ப்பவன், மாலக்கியின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அரை மணி நேரத்தில் அவனே, சும்மா அந்த வழியாக வந்தவன் மாதிரி, பின்கதவில் தலையை நீட்டினான்.

"என்ன டிம்ப்னா, எல்லாம் நல்லபடியா? துணி கிணி எல்லாம்..."

"உள்ள வா. உக்காரு. கயித்தை எதால வெட்டினே?"

ஃபின்டனுக்குப் பொய் சொல்ல வராது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "ஆட்டுக் குளம்பு வெட்டுற கத்தரி."

"அந்த மரத்துக்கிட்டயா? இரும்பையா?"

"கை நடுங்கிப்போச்சு டிம்ப்னா. கண்ணை மூடிக்கிட்டு ஒரே வெட்டு. திறந்து பாத்தா இம்மாம் பெரிய துண்டு கையில. அப்புறம் எங்க அங்க நிக்கிறது, ஓடிவந்துட்டேன். ரெண்டு விரல்தான் சொன்னான் அவன்."

"எவன்?"

"மாலக்கிதான். ஆஸ்பத்திரில. கையைப் புடிச்சுக்கிட்டு, 'பிரிகிட் ராத்திரி மறந்துடாதடா, ரெண்டு விரல், அதிகம் வேணாம், அவ கெட்டிக்காரி' அப்படின்னான். அவன் கயித்தை அவுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய் வெட்டுவானாம். அந்த புத்தி எனக்கு வரல பாரு."

டிம்ப்னா கயிற்றின் பிரிந்த முனையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட முனை பிரிந்ததில்லை. அப்படியென்றால் அவன் தீப்பெட்டியும் கொண்டுபோயிருக்கிறான். கொட்டகையில் குனிந்து நின்று, வெட்டின முனையைச் சுட்டு, விரலால் உருட்டி, திரும்பக் கட்டிவிட்டு வந்து, சில்லிட்ட காலோடு அவள் பக்கத்தில் படுத்திருக்கிறான். காலையில் எழுந்து, "என்ன, உன் தெய்வம் தூங்கிப்போச்சா, இல்ல துணியை வளத்திருக்கா?" என்று கேலியும் செய்திருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று மாதத்தில் வந்த முதல் கோபம்.

"என்னை முட்டாளாக்கினான். முப்பது வருஷம் நீங்க ரெண்டு பேரும் உக்காந்து சிரிச்சிருப்பீங்க."

"எனக்கு நவம்பர்லதான் தெரியும். சத்தியமா. அவன் சிரிக்கவும் இல்ல." ஃபின்டன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் கேட்டேன், ஏன்டா இப்படின்னு. முதல் வருஷம் நீ துணி கட்டினப்ப வளரலையாமே. குழந்தை தவறிப்போன வருஷம்."

குழந்தை இருந்தது பதினாறே நாள். அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் பிரிகிட்டிடம் போனாள். துணி கயிற்றளவுக்கு அப்படியே இருந்தது, நூல் பிசகவில்லை.

"அன்னைக்குப் படுத்தவ ஏப்ரல் வரைக்கும் எந்திரிக்கலயாமே நீ. கரண்டியால ஊட்டினானாம். 'பிரிகிட் வந்தாலும் வருவா, வராமலும் இருப்பா, அதை நம்பி என்னால உக்காந்திருக்க முடியல ஃபின்டன்' அப்படின்னான்."

கூடத்தில் போன் அடித்தது. எத்னாதான், இந்த நேரத்துக்கு வேறு யார். டிம்ப்னா எழுந்து போய் எடுத்தாள்.

"என்ன சொல்லுச்சு உன் துணி?"

"வளர்ந்திருக்கு. நான் வரல எத்னா."

"எவ்வளவு வளர்ந்துச்சு?"

"ஒரு சாண்."

"ஒரு சாணா? ஒரு துணி ஒரே ராத்திரில ஒரு சாண் எப்படி வளரும்? யாரோ உன்னை நல்லா ஏமாத்திருக்காங்க டிம்ப்னா!"

"ஆமா," என்றாள் டிம்ப்னா. "முப்பது வருஷமா."

போனோடு மாடிப்படியில் உட்கார்ந்தாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. ஃபின்டன் பயந்து எழுந்து வந்தான். என்ன செய்வது என்று தெரியாமல், அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினான்.

"எத்னா, ஃபின்டன் பேசுறேன். இல்ல, விழல, அடி ஒண்ணும் படல. அழுறா. ஆமா, அழுறாதான். இல்ல, நீ வர வேணாம், நான் இருக்கேன். அழட்டும், விடு."