எனக்கு முன் பேசப்பட்ட சம்பந்தம்

என் மனைவிக்கு எனக்கு முன்னர் ஒரு சம்பந்தம் பேசப்பட்டது. மாப்பிள்ளை, திருகோணமலையில் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்த அப்புக்காத்தர். கறுப்புக் கோட்டு இருந்தது, வழக்குத்தான் வரவில்லை.

"கறுப்புக் கோட்டைக் காய்ச்சிக் குடிக்கேலுமே?" என்று தரகரைத் திருப்பி அனுப்பிய மாமனார், ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெண்ணைத் தந்தார். நான் வெள்ளைக்காரரின் டொக்கியார்டில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை அசையாது என்று நம்பினார். வெள்ளைக்காரர் கப்பல்களோடு போய்விட்டார்கள். பிறகு நான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன்.

கப்பல் வராத நாட்களில் நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் போய் உட்கார்ந்திருப்பேன். அந்த அப்புக்காத்தர் தடுமாறுவதைப் பார்க்கத்தான் போனேன். முதல் பார்த்தது குச்சவெளி மாட்டு வழக்கு. அவருடைய குரல் எழும்பவில்லை. "உரத்துப் பேசும்" என்று நீதிபதி சொன்னார். நாலு பேர் முன்னால் என் குரலும் எழும்பாது. இருந்தும் எனக்கு உள்ளே குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "உம்மட அப்புக்காத்தர் இண்டைக்கு, மாடு வெங்காயம் திண்ட வழக்கில தோத்திட்டார்."

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "என்ர அப்புக்காத்தரோ? நானே கோட்டு மாட்டி அனுப்பினனான்?" என்று சிரித்தாள். பிறகு, "மாடு வெங்காயத்தை முழுக்கத் திண்டிட்டுதோ?" என்று கேட்டாள்.

யாரோடும் அதிகம் கதைக்காத நான், நீதிபதி மாதிரியும் மாட்டுக்காரன் மாதிரியும் நடித்துக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்பதற்காகவே அடுத்த வழக்குக்கும் போனேன். அதற்குள் அவர் வெல்லத் தொடங்கிவிட்டார். மூதூர் வள்ளக்காரனின் வழக்கில், பொய்ச் சாட்சியைக் கேள்வி கேட்டே வியர்க்க வைத்தார். அதை மறைக்கலாம் என்று பார்த்தேன், அவள் விடவில்லை. மறுநாள் கிணற்றடியில் பெண்களுக்கு அந்தக் கதையை அவள் சொல்லுவது கேட்டது. என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

அவர் தேர்தலில் நின்றபோது எங்கள் ஒழுங்கை வீடுகளில் அவருக்குப் பிரசாரம் தேவைப்படவில்லை. அதை நானே செய்து முடித்திருந்தேன்.

வாக்குக் கேட்டு அவர் வந்த அன்று வாசல் படலைக்குப் படலை நிறைகுடம் வைத்தார்கள். எங்கள் படலையில் இருந்தது எங்கள் கலியாணத்துக்கு வைத்த அதே பித்தளைக் குடம். அவர் என் மனைவியைக் கும்பிட்டு, "அக்கா, மறக்காமல் போடுங்கோ" என்றார். பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொன்னார். இவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஓம் ஓம்" என்று தலையாட்டினாள், எனக்கு வேறொன்றும் பிடிபடவில்லை.

அவர் வென்றார். பிறகு வந்த ஒரு கப்பலில்லாத நாள் நான் வீட்டிலேயே இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, கோட்டடிக்குப் போகேல்லையோ?"

"ஆரைப் பாக்க? அவர் பாராளுமன்றத்துக்கெண்டு கொழும்புக்குப் போயிட்டாரே."

"அப்ப இனி வீட்டில ஒரு கதையும் இல்லை" என்றாள். முகம் வாடியிருந்தது.

அந்த வாட்டம் யாருக்காக என்று கேட்காமலே, சட்டையை மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடந்தேன். முன்பின் அறியாத ஒருவர் தென்னங்காணி எல்லை வழக்கு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தார். முதல் முறையாக முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டேன். அந்த அப்புக்காத்தர் இல்லாத கதையையும் அவள் கேட்பாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.