பதினொன்றால் வகுபடாத படகு

1. எங்கள் மரப்படகைக் கரையில் கவிழ்த்து, தண்ணீர் புகாமலிருக்கக் கீல் பூசினார்கள். அந்தக் காரமான வாசனை அன்றைய சோற்றில்கூட இருந்தது.
2. கீல் காய்ந்ததும் பெயின்டர் பாய் பதிவெண்ணைப் புதிதாக எழுதினார்.
3. படகை நிமிர்த்தினோம்.
4. எண் பதினொன்றால் வகுபடவில்லை.

நான்காவது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் வகுபடும் விதிகளைப் படித்த நாளிலிருந்து, ரேஷன் அட்டை முதல் பொன்னேரி பஸ் வரை கண்ணில் பட்ட எண்களையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தேன். எதுவும் 'நைனா'வின், அதாவது அப்பாவின், படகு எண்ணுக்கு ஈடாகவில்லை. எட்டு இலக்கம், ஒன்று முதல் எட்டு வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. கூட்டினால் முப்பத்தாறு, ஆகவே ஒன்பதால் வகுபடும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் இரு பக்கமும் பதினெட்டு, ஆகவே பதினொன்றாலும் வகுபடும். இதை ஊருக்கே சொல்லியிருந்தேன். இலக்கங்களின் வரிசைதான் மனதில் நிற்கவில்லை.

"நம்பர் தப்பு பாய்," என்றேன்.

"இன்னா பாப்பா, ஒண்ணுலேர்ந்து எட்டு வரிக்கும் எல்லாம் கீதுல்ல? எண்ணிப் பாரு."

எல்லாம் இருந்தன. கூட்டுத்தொகையும் முப்பத்தாறுதான். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியபோது ஒரு பக்கம் பதினாறு, மறுபக்கம் இருபது. எண் எழுதிய துண்டுச்சீட்டிலோ பாய் பிரஷ்ஷைத் துடைத்திருந்தார்.

நைனா சிரிக்கவில்லை. மறுநாள் காலை படகுகளைச் சரிபார்க்க அதிகாரிகள் வருகிறார்கள். பதிவு அட்டையோடு எண் ஒத்துப்போகாத படகு கரையிலேயே நிற்கும். மறுநாள்தான் எங்கள் 'பாடு'ம். முகத்துவாரத்தில் வலை கட்டும் அந்த முறையைத் தவறவிட்டால், ஊரில் எல்லாரும் கட்டி முடித்த பிறகுதான் மறுபடி வரும். இறால் அதுவரை காத்திருக்காது.

சரிபார்ப்புக்காகச் சேர்த்துவைத்த எல்லாப் படகுகளின் அட்டைகளும் ஊர்த் தலைவரிடம் இருந்தன, அவர் பஸ்ஸில் இருந்தார். நைனா செல்போனில் கூப்பிட்டார்.

"தலைவரே, நம்ம அட்டையப் பாத்து நம்பரப் படிங்க. பொண்ணு தப்புன்றா."

"நிக்கவே எடமில்ல, இதுல அட்டைய எடுன்றியே," என்று முனகிவிட்டுத் தலைவர் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார்: 24753861. படகில் இருந்தது 24573861.

"கவுந்த படகுல தலகீழா, கடைசிலேர்ந்து எழுதிக்கினு வந்தா நீங்களும் இப்டித்தான் எழுதுவீங்க," என்றார் பாய். ஏழையும் ஐந்தையும் அழித்து எழுதும்போது நைனாவிடம், "இனிமே உன் பொண்ணு சரின்னாத்தான் பெயின்ட்டு காயும்போல," என்றார். கோபமில்லை, அதன் பிறகு எந்தப் படகுக்கு எழுதினாலும் என்னைக் கூப்பிட்டு ஒருமுறை கூட்டச் சொல்வார்.

மறுநாள் அதிகாரி அட்டையைப் பார்த்தார், படகைப் பார்த்தார், தலையாட்டினார். நைனா முகத்துவாரத்துக்குப் போனார்.

இன்று நான் ஒரு துறைமுகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். சரக்குப் பெட்டி ஒவ்வொன்றின் எண்ணிலும் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே இருக்கிறது; அதற்கும் பதினொன்றால் வகுத்து வரும் மீதிதான் அடிப்படை என்று பயிற்சியில் சொன்னபோது, எனக்குக் கீல் வாசனை அடித்தது.

அந்த மரப்படகு இப்போது இல்லை. நைனாவின் ஃபைபர் படகின் எண் ஒன்பதாலும் வகுபடாது, பதினொன்றாலும் வகுபடாது. அட்டையும் படகும் ஒத்துப்போகின்றன. நாளை எங்கள் பாடு.